உயிரோடு ஒரு விரால்

எட்வர்ட் பக்கெட் மூடியைத் திறந்து பார்த்தான். நேற்று ஷிஃப்ட் முடிந்த கையோடு ஏரிக்கரையில் குந்தி, பொழுது சாயும்வரை மைதா உருண்டை வைத்து, விரால் தூண்டிலுக்கு இரையாக ஒவ்வொன்றாகப் பிடித்துச் சேர்த்த கெண்டைக் குஞ்சுகள் அவை. பன்னிரண்டில் ஒன்பது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மூன்று மட்டும் அடியில் ஒண்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. நேற்று அவன் கொண்டுவந்தது பச்சை பூத்த ஏரித் தண்ணீர்.

"யம்மா! இதுல தண்ணி மாத்துனியா?"

மேரி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்பட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "மாத்துனேன். பாசி நாத்தம் கொமட்டிச்சி. அதுவும் ஒரு உசுருதான, பாவம். கேன் தண்ணி ஊத்தி வெச்சேன்."

"கேன் தண்ணியா?"

"பின்ன, நம்ம போர் தண்ணிய ஊத்தச் சொல்றியா? அதுல கழுவுன ஏனமே செவந்து பூடுது. மீனு தாங்குமா?"

அந்தத் தெருவில் யாராக இருந்தாலும் இந்தத் தப்பைத்தான் செய்திருப்பார்கள். சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகு போர் தண்ணீர் துரு நிறத்தில்தான் வருகிறது. குடிக்க, உலை வைக்க, கைக்குழந்தைக்கு முகம் துடைக்க எல்லாவற்றுக்கும் இருபது லிட்டர் கேன். வீட்டுக்கு வந்தவருக்குக் கேன் தண்ணீரை ஒரு சொம்பில் கொடுத்தால் அதுதான் மரியாதை. மேரி அந்த மரியாதையை மீனுக்கும் செய்திருந்தாள். போதாததற்கு, துள்ளி வெளியே விழுந்துவிடக் கூடாதென்று மூடியையும் இறுக்கி அழுத்தியிருந்தாள். ஏரியில் பிறந்த குஞ்சுகளுக்கு அவ்வளவு கவனிப்பு தாங்கவில்லை.

மேரி எட்டிப் பார்த்தாள். முகம் சுருங்கிப் போயிற்று.

"ஒன் தங்கச்சிக்குன்னு வெச்சதாச்சேடா. நானே கெடுத்துட்டனா?"

எட்வர்ட் மூடியை ஓரமாக வைத்தான். "உடுமா. மூணு கீது இல்ல. மூணு தபா போடலாம். நீ பூசைக்குப் போ, எனக்கும் சேத்து வேண்டிக்க."

"நீ கோயில் பக்கம் தல காட்டி மூணு வாரம் ஆச்சி. ஒனக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு வேண்டறது?"

இன்றைக்கு விட்டால் அவனுக்கு வேறு நாள் கிடையாது. அவன் வேலை பார்க்கும் இரும்புக்கம்பி ரோலிங் மில்லில் நாளை முதல் பராமரிப்பு வேலை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறும் சேர்த்து. இன்று மாலைக்குள் ஒரு விராலைப் பிடித்தாக வேண்டும். அதுவும் உயிரோடு தங்கை வீட்டில் சேர்த்தாக வேண்டும்.

தங்கை ஏஞ்சல் இரண்டு வருடத்துக்கு முன் யாரிடமும் சொல்லாமல் திருவள்ளூரில் போய் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் அன்புசெல்வன், அவள் வேலை பார்த்த கம்பெனியிலேயே சூப்பர்வைசர். புதுவாயலுக்கு மேற்கே ஐந்து ஏக்கர் நெல் நிலம் வைத்திருக்கிற குடும்பம். எட்வர்ட்டின் அப்பா ஆசீர்வாதம் அந்த மாதிரிக் கழனிகளில்தான் வரப்பில் அண்டை வெட்டி, அறுப்பு அறுத்து, முதுகு வளைந்து செத்தார். கல்யாணத்தை இரண்டு வீடும் ஏற்கவில்லை. பேரப்பிள்ளை பிறக்கப் போகிறது என்று ஆனபிறகுதான் அன்புசெல்வனின் அம்மா குணசுந்தரி வாடகை வீட்டிலிருந்த இருவரையும் அழைத்துப் போய் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த அன்று மேரி நான்கடுக்கு கேரியரில் பூண்டுக் குழம்பும் கருவாட்டுப் பொரியலும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். குணசுந்தரி சிரித்த முகமாக வாங்கி, கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். சாயங்காலம் கேரியர் அதே கனத்தோடு திரும்பி வந்தது. அன்றிரவு அம்மாவும் மகனும் அதையே சாப்பிட்டார்கள். வீணாக்க முடியுமா?

முந்தாநாள் ஏஞ்சல் போன் செய்தாள். குரல் நூலாக இருந்தது. "ண்ணா, வாய்க்கு ஒண்ணும் புடிக்கல. பாலும் பத்தல, புள்ள அழுதுகினே கீது. வெறா மீனு கொழம்பு துன்னா தேவல போல கீதுண்ணா."

அதற்குள் அன்புசெல்வன் போனை வாங்கிப் பேசினான். "மச்சான், அம்மா இன்னா சொல்றாங்கன்னா... ஆக்குனது வேணாமாம். ஐஸ் மீனும் ஆவாதாம். உசுரோட இருந்தா எட்துக்கலாமாம். நாங்களே ஆக்கிக்குவோம்னு..."

எட்வர்ட் போனை வைத்துவிட்டான். ஆக்கிய குழம்பில் மேரியின் கை இருக்கிறது. ஏரியில் நீந்துகிற மீனில் யாருடைய கையும் இல்லை. கணக்கு அவ்வளவுதான், அதைப் புரிந்துகொள்ள டிப்ளமோ படிக்க வேண்டியதில்லை. நன்றாகக் கேட்டுவிட்டு வரலாமா என்றுகூட இருந்தது. ஆனால் கேட்டுவிட்டு வந்தால் ஏஞ்சலுக்குப் பால் ஊறுமா? ரோட்டோரத்தில் தொட்டி வைத்து விற்கிற பண்ணை விராலை வாங்கிப் போகலாம். ஏஞ்சல் ஒரு வாய் வைத்தாலே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்குத் தெரியாத ஏரி விராலா?

செத்த ஒன்பதையும் வழித்துத் தெருப் பூனைக்கு எறிந்துவிட்டு, மிச்சம் மூன்றோடு பைக்கை எடுத்தான்.

ஏரிக்கரையில் புளியமரத்தடியில் அன்புசெல்வன் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, காலில் ஷூ.

"உன்ன யாரு வரச் சொன்னது?"

"ஏஞ்சல்தான் மச்சான். அண்ணன் ஒண்டியா கஷ்டப்படும், கூட இருன்னிச்சி."

"ஷூவ கழட்டு. இது ஆபீஸ் இல்ல."

வந்ததும் முதல் வேலையாக எட்வர்ட் பக்கெட்டைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குஞ்சுகளை ஒரு வெங்காய வலைப்பையில் போட்டு ஏரித் தண்ணீரில் முக்கிக் கல்லை வைத்தான். பிறகு பையிலிருந்து சாமான்களை எடுத்து வரிசையாகப் பரப்பினான். கூர் சீவிய மூங்கில் குச்சி மூன்று. தடித்த நைலான் நரம்புக் கயிறு. கம்பெனிப் பார்சலில் வந்த தெர்மாகோலில் வெட்டிய தக்கை. டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயத் துண்டைத் தட்டி உருட்டிய குண்டு. விரால் பல்லில் நரம்பு அறுந்துபோகும் என்பதால், சைக்கிள் பிரேக் ஒயரைப் பிரித்து ஒற்றை இழையாக எடுத்த ஒரு சாண் கம்பி. அதன் நுனியில் தூண்டில் முள்.

அவன் கைகள் கரடுமுரடானவை. பழுத்த கம்பியின் அனலில் ரோமமெல்லாம் பொசுங்கிப்போனவை. ஆனால் முடிச்சுப் போடும்போது பார்த்தால் பூ கட்டுகிறவள் கை மாதிரி இருக்கும். கம்பியை முள்ளில் கோத்து முறுக்கினான். அதற்கு மேலே குண்டு, இரண்டு சாண் தள்ளித் தக்கை. குச்சியின் தலையில் கத்தியால் ஒரு பிளவு போட்டு, எட்டு முழம் கயிற்றை அடியில் கட்டித் தளர்வாகச் சுற்றிக் கரையில் விட்டு, அதன் ஒரு இடத்தை மட்டும் பிளவில் லேசாகச் செருகினான்.

"அது எதுக்கு மச்சான்?" என்றான் அன்புசெல்வன்.

பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தான். ஆனால் தூண்டிலைப் பற்றி ஒருவன் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எட்வர்ட்டால் முடியாது. "வெறா சும்மா முழுங்காது. குஞ்ச கவ்விகினு ஓடும். கயிறு இஸ்துதுன்னு தெரிஞ்சா துப்பிடும். அதான் பொளவுல சொருகறது. கவ்வனதும் கயிறு பிச்சிகினு வரும், மிச்சம் தானா ஓடும். அப்பால போய் நின்னு, குஞ்ச தலப்பக்கம் திருப்பி முழுங்கும். நாங்க இருவது எண்ணிட்டு இழுப்போம்."

"இருவதா?"

"அது கொழம்புக்கு. இருவது எண்ணா முள்ளு வயித்துக்குப் பூடும், ரத்தம் கக்கி செத்துடும். ஒங்க அம்மாவுக்கு உசுரோட வேணுமே. இன்னிக்கு பத்து. வாயில மாட்டணும். ஒம்போதுல இழுத்தா துப்பிகினு பூடும், பதினைஞ்சுல இழுத்தா செத்த மீனு. புரிஞ்சிதா?"

'ஒங்க அம்மா' என்றபோது அன்புசெல்வன் தரையைப் பார்த்தான்.

குஞ்சை மாட்டுவதுதான் நுணுக்கம். இடது கையை நனைத்துக்கொண்டு மீனை உள்ளங்கையில் பொத்த வேண்டும். முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை மட்டும் துளைத்து முள்ளை அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். நூலளவு கீழே இறங்கினால் குஞ்சின் நடுமுள்ளில் தைத்து அது அப்போதே விறைத்துவிடும். செத்த குஞ்சை விரால் திரும்பிக்கூடப் பார்க்காது.

"நான் ஒண்ணு மாட்டட்டா மச்சான்?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏதோ ஒரு கணம், கொடுத்துத்தான் பார்ப்போமே என்று தோன்றிக் கொடுத்துவிட்டான். அன்புசெல்வன் நாக்கைக் கடித்துக்கொண்டு கவனமாகத்தான் குத்தினான். கவனம் அதிகமாகிவிட்டது. குஞ்சு ஒரு தடவை வெட்டி இழுத்து அடங்கியது.

"அய்ய! நடுமுள்ளுல ஏத்திட்டியேப்பா! மெஷினுக்கு போல்ட் போடறன்னு நெனச்சியா?"

"சாரி மச்சான்."

"சாரிய வெறாகிட்ட சொல்லு."

இரண்டு மிச்சம். இரண்டாவதை எட்வர்ட்டே மாட்டி, கோரைப் புதர் ஓரமாகப் போட்டான். குஞ்சு தக்கையை இழுத்துக்கொண்டு வட்டம் போட்டது. வெயில் ஏறியது. தூரத்தில் ஹைவேயில் லாரிகள் இரைந்துகொண்டே இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்துத் தக்கை மெல்லச் சாய்ந்து, கோணலாக நகர்ந்தது. எட்வர்ட்டுக்குச் சந்தேகம். விரால் இப்படி இழுக்காது. தூக்கிப் பார்த்தால், முழங்கை நீளத் தண்ணீர்ப் பாம்பு ஒன்று வாயில் குஞ்சோடு கயிற்றைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அன்புசெல்வன் குதித்த குதியில் சேறு தெறித்து இஸ்திரிச் சட்டையெல்லாம் புள்ளி.

"தண்ணிப் பாம்புப்பா. வெசம் கெடையாது. கழனிக்காரன் ஊட்டுப் புள்ள, இதுக்கா இந்த ஆட்டம்?"

"கழனிக்கு நான் எங்க மச்சான் எறங்கனேன்? ஒங்களாட்டம் ஆளுங்கதான..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

எட்வர்ட் பாம்பின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றி விட்டான். குஞ்சு போய்விட்டது.

வலைப்பையைத் தூக்கிப் பார்த்தான். காலையில் சாகக் கிடந்த கடைசிக் குஞ்சு, சொந்தத் தண்ணீர் பட்டதும் தெளிந்திருந்தது. கையில் எடுத்தபோது வாலால் பளீரென்று அடித்தது.

"இதாம்பா கடைசி. இதுவும் போச்சின்னா ஒன் பொண்டாட்டி ரசம்தான் துன்னணும்."

அன்புசெல்வன் தயங்கினான். "மச்சான், ஒண்ணு சொல்லட்டா? எங்க கழனிக்கு தண்ணி போற மதகு கீதில்ல, அதும்பக்கத்துல பெரிசா ஒண்ணு மேல வந்து மூச்சு உட்டுட்டுப் போவும். மோட்டார் போட வரும்போதெல்லாம் பாப்பேன். இந்த வாரத்துல மூணு தபா."

"அத வந்தவொடனே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்கதான் பேசவே உடலியே."

மதகடியில் ஆகாயத்தாமரை விலகி ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே இரண்டு குமிழி வந்து உடைந்தது. குஞ்சை அன்புசெல்வன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டான், எட்வர்ட் மயிரிழை பிசகாமல் தோலில் முள்ளை ஏற்றினான். சத்தமில்லாமல் தண்ணீரில் இறக்கினான். குச்சியைச் சாய்வாக ஊன்றினான்.

"நீ இங்கயே குந்து. கைய மட்டும் வெச்சிடாத. பக்கெட்ட எட்தாறேன்."

அவன் முப்பது அடி போயிருக்க மாட்டான். பின்னால் 'சட்' என்று ஒரு சத்தம். பிளவிலிருந்து கயிறு பிய்த்துக்கொண்டு சரசரவென்று ஓடியது. அன்புசெல்வன் எழுந்து கயிற்றைப் பிடிக்கப் போனான்.

"மாப்ள! தொடாத மாப்ள! எண்ணு!"

எட்வர்ட் பக்கெட்டை மறந்துவிட்டு ஓடிவந்தான். கயிறு நின்றுவிட்டிருந்தது. அன்புசெல்வன் வெளிறிப்போய்ச் சத்தமாக எண்ணினான். "மூணு... நாலு... மச்சான், நின்னுடுச்சி மச்சான், உட்டுட்டுப் போவுது!"

"போவல. திருப்புது. எண்ணு."

"ஆறு... ஏழு..." கயிறு மறுபடியும் மெதுவாக நகர்ந்தது. "எட்டு..."

எட்வர்ட் வந்து சேர இன்னும் பத்தடி இருந்தது. வழியில் சேறு. "நீயே இழு! பத்துல இழு! மேல் பக்கமா!"

"ஒம்போது... பத்து!"

அன்புசெல்வன் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். மதகுத் தண்ணீர் வெடித்தது. முன்னங்கை கனத்துக்குக் கறுத்த உடம்பு ஒன்று மேலே வந்து புரண்டது. இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையில் போட்டபோது எட்வர்ட் முதலில் பார்த்தது அதன் வாயைத்தான். முள் உதட்டோரத்தில், சொல்லிவைத்த மாதிரி மாட்டியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"நாங்கூட இப்டி இழுத்ததில்ல" என்றான்.

அன்புசெல்வன் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தான். மாப்ள என்று கூப்பிட்டதை அவன் கவனித்துவிட்டான் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. நல்லவேளை, ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் பைக் நின்றதும் குணசுந்தரி வெளியே வந்தாள். பருத்த உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பக்கெட்டை எட்டிப் பார்த்தாள். விரால் திரும்பி அவளைப் பார்த்தது.

"உசுரோடதான் கீது" என்று ஒப்புக்கொண்டாள். "பின்னால கொண்டாப்பா."

எட்வர்ட் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். இப்படிப்பட்ட வீடுகளின் முன்வாசலை அவன் அப்பா பார்த்ததே கிடையாது. மகனுக்கும் பின்வழியேதான் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கெட்டைத் துவைகல்லுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நீ வெச்சிட்டுப் போ. நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி குணசுந்தரி சேலையைச் செருகிக்கொண்டு கையை விட்டாள். விரால் அவள் பிடியிலிருந்து வழுக்கி, துவைகல்லில் விழுந்து, அங்கிருந்து துள்ளி வாழைப் பாத்திக்குள் போயிற்று. அன்புசெல்வன் பாய்ந்தான். அவன் கையிலும் நிற்கவில்லை. அம்மாவும் மகனும் சேற்றில் தடவித் தடவி அதன் பின்னாலேயே போனார்கள்.

பின்கதவில் வந்து நின்ற ஏஞ்சல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சிரிக்க வெக்காதீங்க அத்த, தையல் இஸ்துது!"

எட்வர்ட் அவளை இப்போதுதான் பார்த்தான். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது. ஆனால் சிரிக்கிறாள்.

"சாம்பல் கீதாமா?" என்று குணசுந்தரியிடம் கேட்டான்.

"கேஸ் அடுப்புல ஏதுப்பா சாம்பல்?"

"தவுடு?"

நெல் வீட்டில் தவிட்டுக்கா பஞ்சம். ஒரு முறம் நிறைய வந்தது. எட்வர்ட் தவிட்டைக் கையில் அப்பிக்கொண்டு வாழையடியில் ஒரே அமுக்காக அமுக்கினான். துவைகல்லில் தலையை ஒரே அடி. செதிலைச் சீவி, செவுளை எடுத்து, குடலைத் தள்ளி, இரண்டு விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, உப்பில் தேய்த்து மூன்று தண்ணீர் விட்டு அலசினான். குணசுந்தரி பக்கத்திலேயே நின்று பார்த்தாள். கடைசித் துண்டை அலசி முடித்தபோதுதான், இந்த மீனில் இப்போது யார் கை இருக்கிறது என்று அவனுக்கே உறைத்தது. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். இருந்தும் சட்டியை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

கை கழுவியதும் டீ வந்தது. பேப்பர் கப்பில். அவன் மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து குடித்தான்.

உள்ளே குணசுந்தரியின் குரல் கேட்டது. "நாங்க சங்கரா, கவலைன்னு கடல் மீனுதான் ஆக்குவோம். வெறா ஆக்கனதில்ல. அதும் பச்ச ஒடம்புக்காரிக்கு. இத எப்டிம்மா வெக்கறது?"

"எனக்கு துன்னத்தான் தெரியும் அத்த. அம்மாவ கேளுங்க."

குணசுந்தரி மறுப்பதற்குள் ஏஞ்சல் நம்பரை அழுத்தி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டாள்.

"இன்னாடி, மீனு மாட்டிச்சா? அண்ணன் எங்க?" என்றது மேரியின் குரல்.

"நான் குணசுந்தரி பேசறேன்."

எட்வர்ட் பேப்பர் கப்பைக் கீழே வைத்தான்.

"சொல்லுங்க" என்றாள் மேரி.

"வெறா... பத்தியத்துக்கு எப்டி வெக்கறதுன்னு."

மேரி முதலில் ஆபீஸில் மனு கொடுப்பவள் மாதிரிதான் பேசினாள். நல்லெண்ணெயில் வெந்தயம் போடுங்க, பூண்டு முழுசா போடுங்க, மிளகும் சீரகமும் அரைச்சி ஊத்துங்க என்று. ஆனால் அடுப்பு விஷயத்தில் அவள் எவ்வளவு நேரம்தான் அடக்கமாக இருப்பாள்?

"புளி எத்தினி எட்துகினீங்க?"

"எலுமிச்சங்கா அளவு."

"அய்யய்ய! யாரு சொன்னது? புள்ளைக்கு வவுறு பேஜாராப் பூடும். நெல்லிக்கா அளவு போதும். மீன போட்டாச்சா? ஏம்மா, கரண்டி சத்தம் கேக்குது! கரண்டி உட்டு கிண்டாத, ஒடைஞ்சிடும். சட்டிய துணிபோட்டு புட்ச்சி சுத்தி உடு!"

"தோ, சுத்தறேன்" என்றாள் குணசுந்தரி. ஐந்து ஏக்கர்க்காரி சட்டியைத் துணியால் பிடித்துச் சுற்றியதை எட்வர்ட் பின்கதவு வழியாகப் பார்த்தான். பிறகு ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

"காரமே இல்லையே?"

"பால் குடுக்கறவளுக்கு அப்டித்தான்."

"ம்" என்று சொல்லி இன்னொரு சொட்டு விட்டு நக்கினாள்.

ஏஞ்சல் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள். தலைத்துண்டைச் சப்பிச் சப்பி எலும்பைத் தட்டில் துப்பிய சத்தம் வெளியே வரை கேட்டது. எட்வர்ட்டை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. அவனும் அதை எதிர்பார்க்கவில்லை. தங்கை சாப்பிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

கிளம்பும்போது குணசுந்தரி கழுவிய பக்கெட்டைக் கொண்டுவந்தாள். அதற்குள் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது.

"அவங்க சொன்ன மாதிரிதான் வெச்சேன். சரியா கீதான்னு பாக்கச் சொல்லு" என்றாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "ஏனம் எனக்கு வேணும். மறக்காம கொண்டாந்துடுங்க" என்றாள்.

"வரேன் மாப்ள" என்று எட்வர்ட் பைக்கை எடுத்தான்.

மேரி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "துன்னாளா?"

"ரெண்டு தபா."

தூக்கை வாங்கிச் சிறிது நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எட்வர்ட்டுக்குத் தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் தள்ளிய கேரியர் அவனுக்கும் மறக்கவில்லை. இப்படியே திருப்பி அனுப்பு என்று சொன்னால் அவன் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான்.

மேரி மூடியைத் திறந்தாள். விரலை விட்டு நக்கினாள்.

"புளி தூக்கல். போட்டத எடுக்கலயே அந்தம்மா." இன்னொரு தடவை நக்கினாள். "மீனு ஒடையல. அத சொல்லணும்."

தூக்கை அடுப்படிக்கு எடுத்துப் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏனத்த காலியா திருப்பித் தர முடியாது, தெரியுமில்ல?"

"அரிசி, சக்கர ஏதாச்சும் வெச்சிக் குடு. ஆக்குனது வேணாம்னாங்களே."

"ஆக்குனதுதான் வெப்பேன்" என்றாள் மேரி. "பூண்டுக் கொழம்பு. நானே எட்துகினு போறேன். தொறக்கறாளா இல்லையா, நின்னு பாத்துட்டு வரேன்."